அண்ணன் வந்து பார்ப்பான்

கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் பெண்பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் இது: “அதைத் தொடாதே, அண்ணன் வந்து பார்ப்பான்.” அண்ணன் இல்லாத வீட்டுக்கு அத்தை மகன் வருவான். அவனும் இல்லையென்றால் அப்பாவின் ஆபீஸில் இருக்கும் யாரோ ஒரு சார் வருவார். வந்தவர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுவார், தூசியை ஊதுவார், ரேமைப் பிடுங்கி மறுபடி செருகுவார். சிஸ்டம் ஆன் ஆகிவிடும். இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் அந்த வீட்டுப் பெண் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பாள். நாளை ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேரப்போகிறவள் அவள்தான். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவர் அவள் கைக்கு வராது.

பழைய, விலை குறைந்த ஒரு கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, அதில் ஒரு பெண் கேம் விளையாடுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாலியல் வன்முறை, ஆணவக்கொலை, கூலி ஏற்றத்தாழ்வு என்று எழுத ஆயிரம் இருக்கும்போது இது ஒரு விஷயமா என்று சில தோழிகள் கேட்கலாம். விஷயம்தான். வீட்டிலிருக்கும் எந்திரம் யாருடையது, காசை எதற்குச் செலவழிக்கலாம் என்று யார் முடிவு செய்வது, யாருக்கும் உபயோகமில்லாத இரண்டு மணி நேரத்தைப் பெண் தனக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்ற மூன்று கேள்விகளும் இந்தச் சின்ன இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல், நொண்டி என்று நம் ஊரில் பெண்பிள்ளைகள் விளையாடாமல் இல்லை. எண்ணிக்கையும் கணக்கும் எதிராளியின் அடுத்த நகர்வை ஊகிக்கும் தந்திரமும் அந்த ஆட்டங்களில் உண்டு. ஆனால் வயதுக்கு வந்ததும் அவை நின்றுபோகும். “இன்னும் என்ன விளையாட்டு?” என்ற அதட்டலோடு பெண்ணின் விளையாட்டுக் காலம் முடிகிறது. ஆணுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. முப்பது வயதில் தெருவில் கிரிக்கெட், ஐம்பது வயதில் மன்றத்தில் கேரம், அறுபதில் சீட்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தபோது பையன்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடினார்கள். நாம் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கவும் கவுன்சிலிங் விவரம் பார்க்கவும் அப்பாவோடு போய், பிரிண்ட் எடுத்துக்கொண்டு உடனே திரும்பினோம். கம்ப்யூட்டரை அவர்கள் விளையாடிப் பழகினார்கள். நாம் அதில் வேலை மட்டும் முடித்துவிட்டு வந்தோம்.

நேரக் கணக்கு அரசாங்கமே எடுத்து வைத்திருக்கிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் நமக்குக் குறைந்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துச் செய்தார்களா என்றால், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கூலியில்லாமல் உழைக்கிற ஒருத்தி இரவு பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் குடும்பம் கெட்டுப்போகும் என்கிறார்கள்.

அதனால் நம் பெண்கள் ஒரு தந்திரத்தைக் கற்று வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் “படிப்புக்குத் தேவை” என்று கேட்பது. கிராபிக்ஸ் கார்டையும் அப்படியே கேட்கிறார்கள். பிளெண்டரில் முப்பரிமாண வடிவமைப்பு செய்யலாம், வீடியோ எடிட்டிங் கற்கலாம், மெஷின் லேர்னிங் பிராஜெக்ட் ஓட்டலாம் என்று ஒரு பட்டியல். அத்தனையும் உண்மை. அந்த வேலைகளையும் அதே கார்டு செய்யும். ஆனால் இந்தப் பட்டியலைத் தம்பி ஒருநாளும் ஒப்புவிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் “கேம் விளையாட” என்கிறான், முடிந்தது. பெண்ணின் ஆசைக்கு மட்டும் நியாயச் சான்றிதழ் கேட்கிற வீட்டில், நாமே முந்திக்கொண்டு அந்தச் சான்றிதழை நீட்டுவது எதற்கு? விளையாட வேண்டும் என்பதே போதுமான காரணம்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டுதான் பிறகு நிபுணத்துவம் என்ற பெயரில் திரும்பி வருகிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களைத் தொடர்ந்து பேட்டி கண்டார்கள். 2002இல் அது புத்தகமாக வந்தது. அவர்கள் கண்டதில் ஒன்று: வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பையனின் அறையில் இருந்தது. கழற்றி மாட்டி விளையாடிய பையன்கள் கல்லூரிக்குள் நுழையும்போதே அனுபவசாலிகளாக இருந்தார்கள். அதைப் பிறவித் திறமை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், பின்தங்கிய பெண்கள் உட்பட. சேர்க்கை முறையையும் பாடம் நடத்தும் முறையையும் மாற்றிய பிறகு, 1995இல் 7 சதவீதமாக இருந்த பெண்களின் சேர்க்கை 2000இல் 42 சதவீதமானது. ஐந்து வருடத்தில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே கம்ப்யூட்டர் வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். 2011இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப் பெண்பிள்ளையின் பெயரிலும் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். நமக்குப் பட்டம் தருகிறார்கள், வேலையும் தருகிறார்கள். மூடியைத் திறக்கிற அதிகாரத்தை மட்டும் தருவதில்லை. அந்த இடத்தில் வாட், ஆம்பியர் என்ற இரண்டு சொற்களைச் சொல்லி நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

வாட் தெரியாத பெண் நம் ஊரில் யார்? மிக்ஸி வாங்கும்போது 500 வாட்டா 750 வாட்டா என்று கேட்டு வாங்குகிறவர்கள் நம் அம்மாக்கள். 2012இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போனபோது, இன்வெர்ட்டரில் எதைப் போடலாம், எதைப் போட்டால் டிரிப் ஆகும் என்று மனக்கணக்கு போட்டவர்கள் அவர்கள். “கிரைண்டர் ஓடும்போது அயர்ன் பாக்ஸைப் போடாதே” என்பதற்குப் பெயர்தான் லோடு கணக்கு. எஸ்எம்பிஎஸ் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். செய்து பார்ப்போம்.

எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட்டை. எனவே பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து மயங்காமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். வெளியே 450 வாட் என்று போட்டிருந்தாலும், 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான் என்றால் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட். மீதி எண்கள் நமக்கு உதவாத வரிசைகளில் இருக்கும். 12 வோல்ட் வரிசை இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்த உச்சவரம்பு லேபிளில் தனியாக இருக்கும். கேபினெட்டோடு சேர்த்து மலிவாகக் கொடுக்கப்படும் எஸ்எம்பிஎஸ்களை நம்பக்கூடாது என்று சொல்வது இதனால்தான். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று அது. மற்ற எல்லாவற்றுக்கும் அது உத்தரவாதம் ஆகாது.

இனி கார்டு. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி ஒயர் தேவையில்லை. ஜிடிஎக்ஸ் 1650இல் தனி பவர் சாக்கெட் இல்லாத மாடல்களும், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050இன் பெரும்பாலான மாடல்களும் இந்த வகை. ஆபீஸ்களிலிருந்து கழித்துக்கட்டப்பட்டு செகண்ட் ஹேண்டில் வரும் கம்பெனி டெஸ்க்டாப்புகளுக்கு இவைதான் பொருத்தம். ஏனென்றால் அந்தப் பெட்டிகளில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் சிறியது. அதன் அளவும் மதர்போர்டோடு இணையும் பிளக்கும்கூடக் கம்பெனியின் சொந்த வடிவமாக இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் உட்காராது. கேபினெட் ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். காசு கொடுக்கும் முன் ஸ்கேலை எடுத்து அளந்துகொள்ளுங்கள்.

சாதாரண அசெம்பிள் சிஸ்டம் என்றால் கொஞ்சம் மேலே போகலாம். ஆர்எக்ஸ் 6600ஐ எடுத்துக்கொள்வோம். கார்டு 132 வாட், ப்ராசஸர் 65 வாட், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 247. ப்ராசஸரும் கார்டும் சில நொடிகளில் எழுதியிருப்பதைவிட அதிகம் இழுக்கும் என்பதால், தரமான 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். கார்டுக்கான 8 பின் பிளக் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். “அட்டாப்டர் போட்டுக்கலாம் மேடம்” என்று ஒரு குட்டி ஒயரைக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 54 வாட்டுக்காகச் செய்யப்பட்டது. 8 பின் பிளக்கின் கணக்கோ 150 வாட். அந்த ஒயர் சூடாகி உருகும்.

வீட்டில் கிளம்பும் அடுத்த ஆட்சேபணை கரண்ட் பில். “550 வாட்டா? மீட்டர் பிச்சுக்கும்!” அது எஸ்எம்பிஎஸ்ஸால் கொடுக்க முடிந்த அளவு. சிஸ்டம் கேட்பதை மட்டுமே அது இழுக்கும். விளையாடும்போது 250 வாட் என்று வைத்து, தினம் இரண்டு மணி நேரம் ஆடினால், மின் கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். தம்பியின் அறையில் ஓடும் ஏசிக்கும் அதே தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்குவது தவறில்லை, ஏமாறாமல் இருந்தால். 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ மைனிங்கைக் கைவிட்டபோது, இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பழைய சிப்பில் புதிய பெயரை ஏற்றி விற்கும் மோசடியும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உள்ளே இருக்கும் உண்மையான சிப்பைக் காட்டிவிடும். கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கினால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வாரன்டிக்குப் போய் நிற்கும் நாளில் அந்தப் பெயர் பேசும்.

கடை என்றதும் ரிச்சி தெருவைச் சொல்லாமல் இருக்க முடியாது. மவுண்ட் ரோடிலிருந்து திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ரேடியோ பாகங்களில் தொடங்கி இன்றைய கார்டுகள் வரை கிடைக்கும் சந்தை. அங்கே ஒரு கடையில் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டேன். கடைக்காரர் என் தம்பி மகனைப் பார்த்துப் பதில் சொன்னார். அவனுக்குப் பதினைந்து வயது. கேட்டவள் நான், காசும் என் பையில். இரண்டாவது கேள்வியையும் கேட்டேன், அதற்கும் அவனிடமே பதில். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், உங்களுக்கு ஆபீஸ் ஒர்க்தானே? இவ்ளோ பெரிசு தேவைப்படாது” என்றார். “எனக்கு விளையாட” என்றேன். அவர் சிரித்தார். பக்கத்துக் கடையில் நான்கு கடை விலை விசாரித்து, லேபிளைப் படித்து, என் பெயரில் பில் போட்டு வாங்கினேன்.

அந்தச் சிரிப்புக்கு வரலாறு தெரியாது. 1946இல் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டரை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு ப்ரோகிராம் அமைத்தவர்கள் கே மெக்னல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள். அன்றைக்கு ப்ரோகிராம் அமைப்பதென்றால் கீபோர்டில் தட்டுவதல்ல. ஒயர்களைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்கும் வேலை. பல பத்தாண்டுகள் கழித்து கேத்தி கிளைமன் என்ற மாணவி அந்தப் பழைய புகைப்படங்களில் இருக்கும் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, எந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிற்கவைக்கப்பட்ட மாடல்கள் என்று அவருக்குப் பதில் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், ஸ்ரீபெரும்புதூருக்குப் போங்கள். நோக்கியா காலத்திலிருந்து இன்றைய ஐபோன் காலம் வரை, உலகின் கைகளில் இருக்கும் போன்களைச் சேர்த்தவை நம் ஊர்ப் பெண்களின் விரல்கள். தலைமுடி அளவு பாகத்தை இடம் தவறாமல் வைக்கும் அந்த விரல்களின் நுட்பத்தைக் கம்பெனிகள் புகழ்கின்றன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, அந்தப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. கூலிக்குச் சேர்க்கலாம், எட்டு மணி நேரம் நின்றுகொண்டு சேர்க்கலாம். அதே பெண் லீவுக்கு ஊருக்குப் போனால், வீட்டு கம்ப்யூட்டருக்கு அண்ணன் வர வேண்டும். பெண்ணின் கைக்குத் திறமை இல்லை என்று யாரும் உண்மையில் நம்புவதில்லை. அந்தத் திறமை அவளுக்கே பயன்படுவதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நம் தரப்பிலிருந்து வரும் மறுப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேம்கள் வன்முறையானவை, பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்குபவை என்கிறார்கள் சில தோழிகள். பல கேம்கள் அப்படித்தான். நம் சினிமாவும் அப்படித்தான். நாயகியைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வதைக் காதல் என்று காட்டிய படங்களுக்காக நாம் தியேட்டரை ஆண்களுக்கு எழுதிக்கொடுத்துவிடவில்லை. பார்த்தோம், அதனால் விமர்சிக்க முடிந்தது. கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை அனிதா சர்கீசியன் விமர்சித்தபோது, அவரால் அது முடிந்ததற்குக் காரணம் அவர் அவற்றை ஆடியவர் என்பது. 2014இல் அவர் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்த கூட்டம் துப்பாக்கிச் சூட்டு மிரட்டலால் ரத்தானது. ஒரு பொழுதுபோக்கைக் காப்பாற்றக் கொலை மிரட்டல் வரை போகிறார்கள் என்றால், அந்த இடத்தை அவர்கள் எவ்வளவு பெரிய சொத்தாக நினைக்கிறார்கள் என்று யோசியுங்கள். இன்றும் ஆன்லைன் ஆட்டங்களில் நம் பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடுகிறார்கள். குரல் கேட்டால் வசவு வரும் என்று தெரியும். நாம் விலகிக்கொள்வது அந்த வசவுக்குக் கிடைக்கும் வெற்றி.

இது வசதியுள்ளவர்களின் பிரச்சினை என்பது இன்னொரு மறுப்பு. லட்ச ரூபாய் கேமிங் பிசியைப் பற்றி நான் பேசவில்லை. ஆபீஸ்களில் தூக்கி எறியப்பட்ட பெட்டி, செகண்ட் ஹேண்ட் கார்டு, ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ். கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அரைப் பவுன் தங்கத்தின் விலைக்குள் அடங்கும். சீட்டுப் பணம் எடுத்தால் மகனுக்கு பைக், மகளுக்குக் கம்மல் என்று பழகிய வீடுகள் நம்முடையவை. கம்மல் அவளுக்கென்று சொல்லப்பட்டாலும், அது அவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதற்கான சேமிப்பு. தன் சம்பளத்திலிருந்து ஒருத்தி தனக்கென ஒரு கார்டு வாங்கினால், அதை யாரும் சீராகக் கேட்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

ஆகவே தோழி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முழுதாகக் கழற்றி முழுதாக மாட்டுங்கள். கார்டை ஸ்லாட்டில் அழுத்தினால் ‘க்ளிக்’ என்று தாழ் விழும். ஸ்க்ரூவை முடுக்குங்கள், பவர் ஒயரைச் செருகுங்கள். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் மாட்டுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை யாராவது உடைத்து வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

மகளிர் கல்லூரிகளில் ஆசிரியராக இருக்கும் தோழிகளுக்கு ஒரு கோரிக்கை. லேபில் கழித்துப் போட்ட நாலு சிஸ்டத்தை ஒரு மேசையில் வைத்து, மாணவிகளைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். லேப் அட்டெண்டர் அண்ணாவைக் கூப்பிடாதீர்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு: கம்ப்யூட்டரை அண்ணனின் அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், பாஸ்வேர்டை எல்லோருக்கும் சொல்லுங்கள், இரவுப் பாத்திரத்தை அண்ணன் கழுவட்டும். அந்த இரண்டு மணி நேரம் உங்களுடையது. என்ன கேம் ஆடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.